பழைய பயோனெட்டில் இரண்டாவது முத்திரையை அழித்துவிடாதீர்கள்

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பழைய ராணுவ பயோனெட் ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலானோர் முதலில் செய்வது அதைத் தேய்ப்பதுதான். உப்புத்தாள், பித்தளை பாலிஷ், புளி, சுழலும் கம்பித் தூரிகை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, "இது எந்த நாட்டுடையது, எந்த ஆண்டு?" என்று கேட்டுப் படம் அனுப்புகிறார்கள். பார்க்கும்போதே வயிறு எரிகிறது. அவர்கள் கேட்கும் கேள்விக்கான விடை அந்த உலோகத்தின் மேல்பரப்பில்தான் இருந்தது. அதைத்தான் சுரண்டி எறிந்திருக்கிறார்கள்.

ஆயுதத் தொகுப்புகளுக்கு விவரப் பட்டியல் தயாரிப்பதும் பழைய உலோகப் பொருட்களைப் பராமரிப்பதும் என் தொழில். இந்தக் கத்திகளில் ஒரு நாட்டில் செய்யப்பட்டு இன்னொரு நாட்டுப் படையில் மறுபடி வழங்கப்பட்டவை மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. போரில் கைப்பற்றியவை, தோற்ற நாடு இழப்பீடாகக் கொடுத்தவை, உபரியென்று விற்றவை, நட்பு நாட்டுக்கு உதவியாக அனுப்பியவை எனப் பல வழிகளில் இவை கைமாறின. புதிய உரிமையாளர் தன் கிடங்கில் சேர்க்கும்போது தன் முத்திரையை அடிப்பார். தொழிற்சாலை முத்திரை பெரும்பாலும் ஆழமாக, உரிய இடத்தில் இருக்கும். மறுவழங்கல் முத்திரையோ கிடங்கில் ஒரு ஆயுதப் பணியாளர் சுத்தியலால் தட்டியது. பல நேரங்களில் ஆழம் குறைவு, கோணல்மாணலாக ஓரத்தில் கிடக்கும். உப்புத்தாள் பட்டால் முதலில் போவது அதுதான்.

ஷாஸ்போ என்ற பிரெஞ்சுத் துப்பாக்கிக்கான 1866 ஆம் ஆண்டு மாதிரி பயோனெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பழம்பொருள் சந்தைகளில் அதிகம் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. சுமார் 57 சென்டிமீட்டர் அலகு (கத்தியின் இரும்புப் பகுதி), மெல்ல உள்வளைந்து வெளிவளையும் வடிவம், வரிவரியாகப் பள்ளமிட்ட பித்தளைக் கைப்பிடி. அலகின் முதுகில், சாய்ந்த கையெழுத்துப் பாணியில், செய்த ஆயுதசாலையின் பெயரும் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். சேன்ட் எட்டியென், ஷாட்டல்ரோ, டுல், முட்ஸிக் என்ற பெயர்களில் ஒன்றை அங்கே காணலாம். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே நிற்கும் குறுக்குக் காப்பில் வரிசை எண் இருக்கும். இரும்பு உறையின் வாயருகிலும் அதே எண் இருந்தால் கத்தியும் உறையும் ஒன்றாகப் பிறந்தவை.

1870இல் பிரான்ஸும், ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் அதன் கூட்டாளிகளும் மோதின. செப்டம்பரில் செடான் வீழ்ந்தது, அக்டோபர் இறுதியில் மெட்ஸ் கோட்டையில் 1,70,000க்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் சரணடைந்தார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளும் பயோனெட்டுகளும் மலைமலையாக ஜெர்மானியர் கைக்கு வந்தன. ஷாஸ்போ துப்பாக்கிகளில் கணிசமானவை குட்டையாக்கப்பட்டு சாக்சனி, பவேரியா என்ற ஜெர்மானிய அரசுகளின் குதிரைப்படைகளுக்குப் போயின. பயோனெட்டுகளும் வீணாகவில்லை. அப்படி ஜெர்மன் சேவைக்குப் போன ஒன்றின் குறுக்குக் காப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பிரெஞ்சு எண்ணின் மேல் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கும், அல்லது எண்ணே அராவப்பட்டிருக்கும். பக்கத்தில் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட புதிய குறிப்பு ஒன்று தெரியும். உதாரணமாக "84.ஆர்.9.143" என்று இருந்தால், 84ஆம் காலாட்படை ரெஜிமென்ட் ("ஆர்"), அதன் 9ஆவது கம்பெனி, 143ஆம் ஆயுதம் என்று பொருள். முன்னால் "பி" என்ற எழுத்து நின்றால் பவேரியப் படை. இந்தச் சின்ன வரி மட்டும் இல்லையென்றால் அது சந்தையில் கிடைக்கும் இன்னொரு ஷாஸ்போ, அவ்வளவுதான். வரி இருந்தால், எந்தப் படைப்பிரிவின் ஆயுதப் பேழையில் அது தொங்கியது என்பதுவரை சொல்லிவிடலாம்.

அந்த வரி இருப்பது எங்கே? கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே, துணியும் தூரிகையும் அழுத்திப் புகும் இடத்தில். பித்தளையைப் புளி போட்டு மினுக்குபவர்களின் விரல் அடுத்தபடியாகப் போய் நிற்பதும் அங்கேதான்.

நம் நாட்டிலும் இலங்கையிலும் பழைய குடும்பங்களில் காணக் கிடைப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் 1907 மாதிரி பயோனெட். லீ என்ஃபீல்ட் துப்பாக்கிக்கானது, 17 அங்குல அலகு. அலகு கைப்பிடியைச் சேரும் தட்டையான இடத்தில் ஒரு பக்கம் கிரீடம், அரசரின் முதலெழுத்துகள், 1907 என்ற மாதிரி ஆண்டு, செய்த மாதமும் ஆண்டும், செய்தவர் பெயர். மறுபக்கம் அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்பு, சோதனையாளர் முத்திரைகள், ஒரு பெருக்கல் குறி. இந்தப் பெருக்கல் குறியைப் பார்த்ததும் "ரத்து செய்யப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அலகை வளைத்துச் சோதித்ததற்கான அடையாளம் அது. படையிலிருந்து விலக்கி விற்றதைக் காட்டும் குறி வேறு: இரண்டு அகன்ற அம்புகள் முனையோடு முனை தொட்டபடி நிற்கும். ஒரே அம்பு எந்த எழுத்தோடு சேர்ந்து வருகிறது என்பதும் முக்கியம். "சி" எழுத்துக்குள் இருந்தால் கனடா, "யு" எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா, இரண்டு "டி" எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. செய்த தேதிக்குக் கீழே இன்னோர் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் தனியாக அடிக்கப்பட்டிருந்தால், பழுதுபார்த்து மறுபடி வழங்கிய ஆண்டு அது.

லண்டனிலோ ஷெஃபீல்டிலோ செய்யப்பட்ட இந்த நீண்ட கத்திகளில் பல, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் 12 அங்குலமாகக் குறைக்கப்பட்டன. வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை இதில் பெரும் பங்கு வகித்தது. வெட்டிக் குறைத்ததை அடையாளம் காண்பது எளிது. அலகின் பக்கவாட்டில் ஓடும் நீளப் பள்ளம் முனைக்குச் சில அங்குலம் முன்பே முடிந்துவிட வேண்டும். குறைக்கப்பட்டதில் அது முனைவரை ஓடிப்போய் நிற்கும். இதை யாரோ ஒடித்து அராவிய கத்தி என்று நினைத்துக் காய்கறி விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும். நெஞ்சு பொறுக்கவில்லை. அது ராணுவமே முறைப்படி செய்த மாற்றம், பட்டியலில் தனி இடம் பெற வேண்டிய பொருள்.

அதே 1907 மாதிரியில் துப்பாக்கிக் குழல் நுழையும் வளையத்துக்குள் இன்னொரு சிறு வளையம் செருகப்பட்டிருந்தால், அல்லது வளையமே சிறிதாக்கப்பட்டிருந்தால், துருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் கைப்பற்றிய பிரிட்டிஷ் பயோனெட்டுகளைத் தங்களிடமிருந்த ஜெர்மானிய மவுசர் வகைத் துப்பாக்கிக்குப் பொருந்தும்படி அவர்கள் மாற்றினார்கள். துருக்கியப் பொருட்களில் எழுத்தே காலத்தைச் சொல்லிவிடும். அரபு எழுத்து முத்திரைகள் 1928ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டவை, ராணுவத் தொழிற்சாலையைக் குறிக்கும் "ஏ.எஸ்.எஃப்.ஏ" என்ற லத்தீன் எழுத்துகள் பிற்பட்டவை. 1890 மாதிரி மவுசர் பயோனெட் ஒன்றில் இரண்டும் சேர்ந்து இருந்து, அலகும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தால், ஓட்டோமான் பேரரசும் குடியரசும் ஒரே இரும்பில் அடுத்தடுத்துப் பதிந்திருக்கின்றன.

அமெரிக்காவின் பங்கு சுவாரஸ்யமானது. முதல் உலகப் போரின்போது பிரிட்டன் தன் 1913 மாதிரி பயோனெட்டுகளை ரெமிங்டன், வின்செஸ்டர் நிறுவனங்களிடம் செய்யச் சொன்னது. 1907 மாதிரியோடு குழம்பிவிடக் கூடாதென்று மரக் கைப்பிடியில் குறுக்கே இரண்டு ஆழமான கோடுகள் வெட்டப்பட்டன. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, மீதமிருந்தவற்றைத் தானே எடுத்துக்கொண்டு, தீச்சுவாலை விடும் குண்டுச் சின்னத்தையும் "யு.எஸ்." எழுத்துகளையும் அடித்தது. 1940இல் பிரிட்டன் தன் உள்நாட்டுக் காவல் படைக்காக அமெரிக்க 1917 மாதிரித் துப்பாக்கிகளைப் பெற்றபோது பயோனெட்டுகளும் கூடவே கப்பல் ஏறின. ஆகவே ஒரே கத்தியில் பிரிட்டிஷ் தேதியும் அமெரிக்கச் சின்னமும் இருந்தால், யாரோ போலியாக அடித்துவிட்டார் என்று பதற வேண்டாம்.

எழுத்துகளைப் படிக்கும்போது இன்னொரு கண்ணி உண்டு. யுகோஸ்லாவியாவின் க்ராகுயெவட்ஸ் நகர ஆயுதசாலை தன் பெயரின் முதலெழுத்துகள் மூன்றை சிரிலிக்கில், அதாவது ரஷ்ய மொழிக்கும் பயன்படும் எழுத்துமுறையில், அடித்தது. லத்தீன் எழுத்து மட்டும் தெரிந்த கண்ணுக்கு அது "பி.டி.3" என்று தெரியும். இதை "பி.டி. தொழிற்சாலை, 3ஆம் மாதிரி" என்று எழுதிய பட்டியல்கள் இருக்கின்றன. அந்தத் தவறு அடுத்த பட்டியலுக்குப் போகிறது, அதிலிருந்து ஏலக் குறிப்புக்குப் போகிறது, பிறகு உண்மையாகிவிடுகிறது. நேபாளக் கிடங்குகளிலிருந்து வெளிவந்த பிரிட்டிஷ் வகை ஆயுதங்களில் இருக்கும் தேவநாகரி எண்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் சிலர் வெறும் கீறல் என்று ஒதுக்கியதும் இதே கதைதான். நம்மவர்களுக்கு அந்த எண்கள் ஓரளவு பழக்கமானவை என்பதால், இந்த இடத்தில் நாம் உருப்படியான பங்களிப்பைச் செய்ய முடியும்.

இதனால்தான் பட்டியல் எழுதுபவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது: கண்ட உருவத்தை ஒரு பத்தியிலும், அதற்கு நீங்கள் கொள்ளும் பொருளை வேறு பத்தியிலும் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். புரியாத முத்திரையை அப்படியே வரைந்து வையுங்கள். அலகின் இடப்பக்கம், வலப்பக்கம், முதுகு, குறுக்குக் காப்பு, கைப்பிடித் தலை, உறையின் வாய், உறையின் நுனி என்று ஒரே வரிசையில் எப்போதும் சென்றால் எதுவும் விட்டுப்போகாது. விளக்கை நேர்மேலே வைக்காமல், பக்கவாட்டில் தாழ வைத்து ஒளியை உரசிச் செல்ல விட்டால், வெறும் கண்ணுக்குத் தெரியாத எண்ணும் நிழலோடு எழுந்துவரும். மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதியும் நல்ல ஆவணம். முத்திரைக்குள் வெள்ளைப் பெயின்ட் நிரப்பிப் படம் எடுக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எந்த முத்திரை எதன்மேல் ஏறியிருக்கிறது என்று கவனியுங்கள். ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பிந்தியது முந்தியதை உடைத்திருக்கும். இரும்பைத் துருவிலிருந்து காக்க இட்ட கருநீலப் பூச்சு முத்திரையின் அடிவரை போயிருந்தால், அடித்த பின் பூசப்பட்டது. பூச்சை உடைத்துக்கொண்டு வெள்ளை இரும்பு தெரிந்தால், பூசிய பின் அடிக்கப்பட்டது. போலிகளைப் பிடிக்கவும் இதே கண்தான் உதவும். நூறு வருடப் பழுப்பேறிய அலகில், ஓரம் கூராக, அடிப்பகுதி பளிச்சென்று இருக்கும் படைப்பிரிவு எண்ணைச் சந்தேகியுங்கள். சாதாரணக் கத்தியைப் புகழ்பெற்ற படையின் கத்தியாக்கி விலை ஏற்றும் வேலை எல்லா நாட்டிலும் நடக்கிறது. அதற்காக, அராவி அழித்த ஒவ்வொன்றையும் மோசடி என்றும் தள்ளிவிட முடியாது. அர்ஜென்டினாவின் மவுசர் பயோனெட்டுகள் பலவற்றில் நாட்டுச் சின்னம் அராவப்பட்டிருக்கிறது. ஜெர்மன் பயோனெட்டுகளை 1948க்குப் பிறகு பயன்படுத்திய இஸ்ரேல், சிலவற்றில் பழைய குறிகளை நீக்கிவிட்டு நட்சத்திரத்தையும் ஹீப்ரு எழுத்தையும் அடித்தது. அழித்த இடமும் ஒரு பதிவுதான். "அழிக்கப்பட்டுள்ளது, இத்தனை மில்லிமீட்டர் பரப்பு" என்று எழுதிவையுங்கள்.

எண் பொருந்தாத உறையை மாற்றி "ஜோடி சேர்த்து" வைப்பதும் வேண்டாம். மறுவழங்கலில் கத்தியும் உறையும் பிரிந்து வேறு ஜோடியாவது சகஜம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள், கைப்பற்றிய ரஷ்ய மோசின் துப்பாக்கிகளின் பயோனெட்டுகளுக்குத் தாங்களே இரும்புத் தகட்டில் உறை செய்தார்கள். அந்த உறையைத் தூக்கிப்போட்டால் வரலாற்றில் பாதி போய்விடும்.

பராமரிப்பில் அதிகம் செய்ய வேண்டியதில்லை. பழைய கெட்டிப்பட்ட எண்ணெயை அசிட்டோன் தொட்ட பஞ்சால் எடுங்கள். மரம், தோல் பகுதிகளில் அது படக் கூடாது. பொடியாக உதிரும் செந்துருவை மூங்கில் குச்சியால் தட்டிவிடலாம். கெட்டியாக ஒட்டிய கரும்பழுப்பைத் தொடாதீர்கள், அது இரும்பைக் காக்கிறது. பிறகு நுண்படிக (மைக்ரோகிரிஸ்டலைன்) மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். தோலுறைக்குள் செருகி வைப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை: தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகை அரிக்கும், பித்தளை சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். கத்தியும் உறையும் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனியாக இருக்கட்டும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். பட்டியல் எண்ணைக் கத்தியில் பொறிக்காமல் நூலில் கட்டிய அட்டையில் எழுதுங்கள்.

ராணுவத்தில் இருந்த தாத்தாவின் பயோனெட்டை ஆயுத பூஜையன்று கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இடும் வீடுகள் நம்மிடையே உண்டு. மரியாதை இருக்கட்டும். ஆனால் ஈரச் சந்தனம் முத்திரைப் பள்ளத்தில் உலர்ந்து தங்கினால் அதற்கடியில் துரு பிடிக்கும். பொட்டைக் கீழே விரித்த துணிக்கோ பலகைக்கோ வைத்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு நீண்ட அலகுள்ள கத்திகளோடு பயோனெட்டும் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை. நூறு ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடலாம் என்பதால், தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றமாகக்கூடும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதற்கு முன் சுங்க விதிகளைக் கேட்டறியுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்து, என்ன செய்வதென்று தெரியாவிட்டால், எடைக்குப் போடவோ ஆற்றில் வீசவோ செய்யாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவிலும் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திலும் விசாரியுங்கள். போவதற்கு முன் முத்திரை இருக்கும் ஒவ்வோர் இடத்தையும் பக்கவாட்டு ஒளியில், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமிருந்து, எப்போது வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்வதையும் அவர்கள் இருக்கும்போதே எழுதி அந்தப் படங்களோடு சேர்த்துவிடுங்கள்.