நீலகிரியில் சீகை மரம் அகற்றப் போகிறீர்களா? ரம்பத்தை எடுக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்

மலைச்சரிவில் மரம் வெட்டுகிற வேலையை மேற்பார்வை பார்ப்பதுதான் என் பிழைப்பு. இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பச்சையாக உயரமாக நிற்பதெல்லாம் காடுதான், அதை வெட்டுகிறவன் வில்லன். மீதிப் பாதிப் பேர் நேர் எதிர்: அந்நிய மரம்தானே, ஒரே வாரத்தில் மொட்டையடித்துக் கொடுங்கள் என்பார்கள். எனக்கு முதல் கூட்டத்தைவிட இந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் பயம்.

சமவெளிக்காரர்கள் சீகை என்றதும் சீயக்காயை நினைத்துக்கொள்வார்கள், அது வேறு. நீலகிரியில் சீகை என்றால் வாட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்காக வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழ்மரத்துக்காகவும் அரசே புல்வெளி புல்வெளியாக நட்டது. புல்வெளி என்றால் அன்றைக்கு வெற்று நிலம் என்று கணக்கு. கற்பூர மரத்துக்கும் (நீங்கள் யூகலிப்டஸ், தைல மரம் என்பதுதான்) ஏறக்குறைய இதே கதைதான், மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு லோடு லோடாக இறங்கியது. ஆலை மூடியது, ஆனால் சீகை பரவுவது நிற்கவில்லை. பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. நீலகிரியின் மேல்பகுதியில் வேலை செய்கிற எங்களுக்கு அதைப் படித்தபோது ஆச்சரியமாக இல்லை.

ஆக, அகற்ற வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2022-இல் தமிழக அரசு இதற்கென்றே கொள்கை வெளியிட்ட பிறகு வேலைகளும் கூடியிருக்கின்றன. எனக்கு உறுத்துவது, எப்படி அகற்றுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை என்பதுதான். எத்தனை டன் இறங்கியது என்று மட்டும் கேட்கிறார்கள்.

நானும் அப்படி ஒரு வேலை செய்தவன். 2015-இல், குந்தா பக்கம் ஒரு தனியார் எஸ்டேட். ஓடையை ஒட்டிய சரிவு, ஐந்து ஏக்கர் சீகை. முதலாளிக்கு அவசரம், கான்ட்ராக்டருக்கு டன் கணக்கில் கூலி, எனக்கு அனுபவம் பற்றாது. மார்ச்சில் ஆரம்பித்து மே கடைசியில் முடித்தோம், ஒரு மரம் விடவில்லை. மிலாற்றை (கழித்துப் போட்ட சிறு கிளை, சுள்ளிகளை) எல்லாம் குவித்து எரித்தோம், இடம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. செப்டம்பரில் போய்ப் பார்த்தால் எரித்த இடமெல்லாம் சீகைக் கன்று, கீரைப்பாத்தி போட்ட மாதிரி நெருக்கமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், மேலே உறை கெட்டி, அந்த உறையை உடைப்பதே சூடுதான். தீ வைத்தும் வெயில் படவிட்டும் நாங்களே விதைப்பு வேலையை முடித்துக் கொடுத்திருந்தோம்.

இதைவிட மோசமானது நான்கு வருஷம் கழித்து வந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். எங்கள் ஐந்து ஏக்கரில் ஒரு பகுதி அப்படியே ஓடையில் இறங்கிவிட்டது. அந்த மழைக்கு மரம் இருந்த சரிவுகளும்தான் சரிந்தன, பழி முழுவதும் எங்கள் ரம்பத்தின் மேல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரிந்த விளிம்பில் நின்று, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய சீகை வேரைப் பிடித்து இழுத்தேன். என் கட்டைவிரல் தடிமன் இருக்கும். ஊறவைத்த ரஸ்க் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது.

மரத்தை வெட்டிய அன்றைக்கே சரிவு பலவீனமாகிவிடுவதில்லை. அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் இருக்கிற வரை பிடிப்பு இருக்கும். வேர் மக்க மக்க, மூன்றாவது வருஷத்திலிருந்து பிடிப்பு வேகமாகக் குறையும். புதிதாக வருகிற செடிகளின் வேர் அந்த இடத்தைப் பிடிக்க இன்னும் பல வருஷம் ஆகும். இடையில் இருக்கிற அந்தக் காலம்தான் ஆபத்து. அதற்குள் பில் பாஸாகி, கான்ட்ராக்டர் வேறு மாவட்டத்துக்குப் போயிருப்பார். 2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிவு என்றால் இங்கே விளையாட்டில்லை.

சரி, இப்போது எப்படிச் செய்கிறோம்?

முதல் இரண்டு மூன்று நாள் ரம்பமே கிடையாது. சரிவின் அடியிலிருந்து மேலே நடப்போம், மேலிருந்து அல்ல. தண்ணீர் எங்கே கசிகிறது, பழைய சரிவின் தழும்பு எங்கே, எந்த மரம் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருக்கிறது என்பதெல்லாம் கீழிருந்து பார்த்தால்தான் தெரியும். அடி வளைந்த மரங்கள் கூட்டமாக நின்றால் அந்த மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், அங்கே கையே வைக்க மாட்டோம். அப்புறம் சீகைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், பக்கத்தில் சோலை (மலை மடிப்புகளில் இருக்கிற நாட்டுக்காடு) இருந்தால், நாவல் வகைகளும் மற்றச் சோலைக் கன்றுகளும் தாமாகவே முளைத்து இடுப்பளவு நிற்கும். அந்த இடத்தில் சீகை எதிரி இல்லை, தாதி மாதிரி. மொட்டையடித்தால் அந்தக் கன்றுகள் வெயிலிலும் உறைபனியிலும் கருகிப் போகும். அங்கே பட்டை உரிப்பதோடு சரி. அடிமரத்தில் சுற்றிலும் பட்டையைத் தரைவரைக்கும் உரித்துவிட்டால் மரம் நின்றபடியே மெல்லக் காயும், நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், கன்றுகளுக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் பாதையோரம், வீட்டோரம் இதைச் செய்யாதீர்கள், காய்ந்த சீகை எப்போது விழும் என்று அதற்கே தெரியாது.

புல்வெளியாக இருந்த இடத்தில் கதை வேறு. அங்கே நிழல் வேண்டாம், மரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் இல்லை, சரிவுக்குக் குறுக்காகக் கீற்றுக் கீற்றாக, ஒரு கீற்று எடுத்தால் ஒரு கீற்று விட்டு, எடுத்ததில் நாட்டுப்புல் வேர் பிடித்த பிறகு அடுத்தது. புல் தானாக வரும் என்று நம்பி உட்கார்ந்தால் வருவது புல் அல்ல, மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூமும் இன்னும் நாலு அந்நியச் செடியும்தான். மழை தொடங்கும்போது நாட்டுப்புல்லைத் தூர் தூராகப் பிரித்து நட வேண்டும். சதுப்பில் இயந்திரம் இறக்கவே கூடாது. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேய்கிற புல் அந்தச் சதுப்புகளில் வளர்வது, ஒரு தடவை ஜேசிபி ஏறிய சதுப்பு திரும்பச் சதுப்பாக மாறி நான் பார்த்ததில்லை.

வெட்டும்போது ஆள் சாவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. சரிவில் நிற்கிற சீகை பெரும்பாலும் பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கமே விழவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடைவரை போகும், வழியில் இருக்கிற கன்றெல்லாம் நாசம். நேர் மேலே தள்ளினால் அடிப்பாகம் வெட்டுகிறவன் மேலேயே சறுக்கும். குறுக்காக, கொஞ்சம் சாய்வாகப் படுக்க வைப்பதுதான் வழி, அதற்கு வடம் கட்டி இழுக்க வேண்டும். விழும் பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கம் அறுக்கும்போது நடுவில் மரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைத் திருப்பிப் படுக்க வைக்கிறது. முன்பக்கம் ஆழமாக வெட்டாமல் பின்பக்கமே அறுத்தால், சாய்ந்த மரம் பாதியில் நெடுக்காகப் பிளந்து பின்பக்கம் எகிறும். ஒரு முறை அப்படி எகிறிய கட்டை என் ஆளின் தலைக்கு ஒரு சாண் மேலே போனது. அவர் ரம்பத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்து ஒரு டீ கேட்டார், அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் கோத்தகிரிக்காரர் ஒரு பெரியவர் இருக்கிறார், என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் ஒரு மரத்துக்கு வடம் கட்டும் திசையைக் காட்டியதும், "சார், நீங்க தலையப் பாக்குறீங்க. வேரப் பாருங்க, மேப்பக்கம் மண்ணே இல்ல, பாதி வேர் வெளிய நிக்குது. இது நீங்க இழுக்கிற பக்கம் வராது" என்றார். குனிந்து பார்த்தேன், வேருக்கு அடியில் கையை விட முடிந்தது. அந்த மரத்தை அப்படியே விட்டுவிட்டோம். விட்டுவிட்டு வருவதற்கும் கூலி கொடுக்கிற ஒப்பந்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் விட மாட்டார்கள்.

டன் கணக்குக் கூலியை நான் எதிர்ப்பது இதனால்தான். டன் கணக்கு என்றால் ஆட்களின் கண் பெரிய மரத்துக்கும் ரோட்டோர மரத்துக்கும்தான் போகும். விதை கொட்டுகிற நடுத்தர மரமும், நாளைக்கு மரமாகப் போகிற கன்றும் அப்படியே நிற்கும். மரத்தைக் கீழே இறக்குவதிலும் அவசரம், கட்டைகளை நேராகப் பள்ளத்தில் உருட்டிவிடுவார்கள். ஒரே தடத்தில் நூறு கட்டை உருண்டால் அது முதல் மழைக்கே வாய்க்காலாகிவிடும், அதில் வருகிற மண் குந்தா நீர்மின் திட்டத்து அணைகளில் போய்ச் சேரும். இப்போது நாங்கள் கப்பியும் வடமும் வைத்து, கட்டையின் ஒரு முனையைத் தூக்கிய நிலையில் மேலே இருக்கிற ரோட்டுக்கு இழுக்கிறோம். செலவு கூடுதல்தான், மறைக்கவில்லை. மிலாற்றை எரிப்பதில்லை, சரிவுக்குக் குறுக்கே அடிக்கட்டைகளுக்கு முட்டுக் கொடுத்து வரிசையாக அடுக்குகிறோம், ஓடி வருகிற மண் அதில் தங்கும். அடிக்கட்டையைத் தோண்டுவதும் இல்லை.

ஒரு சின்னச் சோதனை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். மழை பெய்த மாலையில் இரண்டு தண்ணீர் பாட்டில் எடுத்து, ஓடையில் வேலை நடக்கிற இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று பிடித்து ராத்திரி மேசைமேல் வையுங்கள். காலையில் இரண்டிலும் அடியில் படிந்திருக்கிற மண்ணைப் பாருங்கள். கீழ்ப் பாட்டிலில் மட்டும் விரல் தடிமன் வண்டல் இருந்தால் கான்ட்ராக்டர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

எப்போது வெட்டுவது என்பதும் மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு. ஒரே மாவட்டத்தில் இரண்டு காலண்டர். டிசம்பருக்கு அப்புறம் இரண்டு பக்கமும் காயும், ஆனால் பிப்ரவரி தாண்டினால் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும், கூடவே காட்டுத்தீப் பருவமும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நாளில்தான் எங்கள் வேலை. காலையில் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்க்க ஒரு ஆள் தனியாக உண்டு, கூட்டுக்காக மட்டும் இல்லை, தேனடைக்காகவும். மலைத்தேனீ கலைந்தால் சரிவில் ஓட வழி கிடையாது. காட்டெருமை படுக்கிற தோப்பாக இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக எடுத்துப் போவோம், சுற்றி வளைத்து எடுத்தால் அது தேயிலைத் தோட்டத்துக்குள்தான் இறங்கும், அங்கே இலை பறிக்கிற பெண்கள் இருப்பார்கள்.

சொந்தப் பட்டா நிலம்தானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் ரம்பம் வைக்க முடியாது. அனுமதி வாங்கித் தருகிறேன், நீங்கள் வெட்ட ஆரம்பியுங்கள் என்று எந்த கான்ட்ராக்டராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதே சீகையோடு 1995-லிருந்து அரசுத் திட்டம் போட்டு மல்லுக்கட்டுகிறார்கள், மலையோர ஏழைகளுக்கு வேலையும் கொடுத்து. அவர்கள் பட்டுக் கற்றுக்கொண்டதும் எங்கள் ஐந்து ஏக்கர் சொன்னதும் ஒன்றுதான்: திரும்பத் திரும்பப் போய்க் கன்று பிடுங்காவிட்டால் வெட்டியதே வீண். அதனால் இப்போதெல்லாம் ஒப்பந்தம் எழுதும்போதே பின்வேலைக்கு ஐந்து வருஷப் பணத்தைத் தனியாக ஒதுக்கச் சொல்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பழைய ஐந்து ஏக்கருக்கு இன்னும் போகிறேன். சரிந்த இடத்தில் புல் நட்டோம், பாதி பிடித்திருக்கிறது. விளிம்பில் இந்த மலைக்கே உரிய தவிட்டுப்பழச் செடி இரண்டு தானாக வந்திருக்கிறது, யார் போட்ட விதையோ, ஏதோ ஒரு பறவை. மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போது சீகைக் கன்று வேரோடு லேசாக வரும், அதனால் டிசம்பரில் நாலு பேரோடு போய் ஒரு நாள் முழுக்கப் பிடுங்குவோம். போன தடவை ஆறு சாக்கு. கூலி என் கையிலிருந்துதான். எஸ்டேட் கைமாறிவிட்டது, புது முதலாளிக்கு அது தன் கணக்கில் வராதாம்.