தடம் பார்த்துக் காக்கும் பாலைநிலம்

தென் ஆஸ்திரேலியாவின் மேற்கு எல்லையை ஒட்டி, பெரும் விக்டோரியா பாலைவனத்திலும் அதன் தெற்கே உள்ள நல்லார்பர் சமவெளியிலுமாக 21,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது மாமுங்காரி பாதுகாப்புப் பூங்கா. உள்ளே ஊர் கிடையாது, தார்ச்சாலை கிடையாது. குறுக்கே போவது ஆன் பீடெல் நெடுஞ்சாலை எனப்படும் மண்பாதை. 1970ல் பூங்காவாக அறிவித்தபோது அரசு இதற்குப் பெயர்கூடச் சூட்டவில்லை. இப்போதைய பெயர் 2006ல்தான் வந்தது.

இவ்வளவு பெரிய நிலத்தை வேலி போட்டோ ஆள் வைத்தோ காக்க முடியாது. எந்தச் சில விஷயங்களில் கைவைத்தால் மற்றவை தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே நிர்வாகம். அவற்றில் முதலாவது தீ.

மணல்மேடுகளை மூடியிருக்கும் ஸ்பினிஃபெக்ஸ் புல்லில் பிசின் இருக்கிறது. அதனால் பச்சையாக இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். ஆனால் புதர்களுக்கு நடுவே வெறும் மணல் இருந்தால், காற்று பலமாக இல்லாதவரை தீ தாண்டாது. தொடர்ந்து சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தால் இடைவெளிகள் புல்லால் அடைபட்டுவிடும். அப்புறம் ஒரு மின்னல் போதும், தீ நாள்கணக்கில் ஓடும்.

முன்பு அப்படி ஓட வழியில்லாமல் செய்தது மனிதர்களின் நடமாட்டம். வேட்டைக்காகவும் வழிநெடுகிலும் பழங்குடி மக்கள் சிறுசிறு தீ வைத்தபடியே நடந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் 1953ல் எடுத்த வான்படங்களில், வெவ்வேறு வயதுடைய எண்ணற்ற சிறிய தீத்திட்டுகள் தெரிகின்றன. மக்கள் குடியிருப்புகளுக்குப் போன பிறகு அந்தத் திட்டுகள் மறைந்து, பெருந்தீக்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. மாமுங்காரிப் பகுதியில் மக்களின் நடமாட்டம் குறைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1953ல் ஈமு ஃபீல்டு என்னும் இடத்திலும் 1956 முதல் 1963 வரை மாராலிங்காவிலும் பிரிட்டன் நடத்திய அணு ஆயுதச் சோதனைகளுக்காக அவர்களின் பாரம்பரிய நிலத்தின் பெரும்பகுதி மூடப்பட்டது. அந்த அநியாயம் நிலத்தின் மேலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பெருந்தீயில் அதிகம் அடிபடுபவை முல்கா மரங்கள். தீயில் மடியும் முல்கா விதையிலிருந்துதான் மீள வேண்டும். கன்றுகள் வளர்ந்து காய்ப்பதற்குள் மறுபடி தீ வந்தால் அந்த இடத்தில் முல்காவே இல்லாமல் போகும்.

மாலிஃபவுல் என்னும் தரைவாழ் பறவைக்கும் பல ஆண்டுகள் எரியாத புதர்க்காடு வேண்டும். அது முட்டையின் மேல் உட்கார்ந்து அடைகாப்பதில்லை. சருகும் மணலும் சேர்த்து, நான்கைந்து மீட்டர் அகலத்துக்குக்கூடக் குவியல் எழுப்பி அதற்குள் முட்டைகளைப் புதைக்கிறது. மழையில் நனைந்த சருகு மக்கும்போது வெப்பம் பிறக்கிறது. பின்னர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆண் பறவை அலகை மணலுக்குள் செருகிச் சூட்டைச் சோதித்து, மேலே உள்ள மணலைக் கூட்டியும் குறைத்தும் முட்டைகளை 33 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருக்கிறது. தரையில் சருகு சேராத இடத்தில் இந்த ஏற்பாடு நடக்காது.

ஆகவே செய்ய வேண்டியது, குளிர்ந்த மாதங்களில், காற்று அடங்கிய நாளில், சிறுசிறு திட்டுகளாக எரிப்பது. இரவுப் பனியில் தீ தானே அணையும். கோடையில் மின்னல் விழுந்தால், பெருந்தீ அந்த வெற்றிடங்களில் மோதித் துண்டுபடும்.

அடுத்தது தண்ணீர். பாறைக்குழிகளில் தேங்கும் மழைநீரே இங்குள்ள உயிர்களுக்குப் பெரிய ஆதாரம். 19ஆம் நூற்றாண்டில் சுமை தூக்கக் கொண்டுவந்த ஒட்டகங்களை மோட்டார் வண்டிகள் வந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். அவை பெருகிவிட்டன. தாகத்தோடு வரும் ஒட்டகம் ஒரே தடவையில் 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். கூட்டமாக வந்தால் குழி வற்றிவிடும், எஞ்சும் நீரும் சாணத்தால் கெட்டுப்போகும். கூட்டத்தைக் குறைக்காமல் குழிகளைக் காப்பாற்ற வழியில்லை என்பதே என் எண்ணம்.

பாதை ஓரத்தில் இன்னொரு ஆபத்து பஃபெல் புல். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த இது டயர்களில் ஒட்டிப் பயணிக்கிறது, இடைவெளிகளை நிரப்பித் தீயை மூர்க்கமாக்குகிறது. முளைத்த உடனே பிடுங்கினால்தான் உண்டு.

2004ல் இந்த நிலத்தின் உரிமை அதன் மரபு உரிமையாளர்களிடம் திரும்பியது. மாராலிங்கா ஜாருஜா மக்களும் பிலா நுறு மக்களும் மாநில அரசும் சேர்ந்த குழு பூங்காவை நிர்வகிக்கிறது. வழிப்போக்கர்கள் அனுமதி வாங்கியே நுழைய வேண்டும்.

இத்தகைய பாலைநிலங்களில் கணக்கெடுப்பது மணலில்தான். இரண்டு ஹெக்டேர் அளவுள்ள திட்டை நடந்து பார்த்து, கண்ணில் படும் தடங்களைப் பதிவு செய்கிறார்கள். பூனையின் தடம் வட்டமாக இருக்கும், நகம் பதியாது. நரியின் தடம் நீள்வட்டம், முன்னால் நகக்குறி தெரியும். மாலிஃபவுலின் தடத்தில் மூன்று முன்விரல்கள். தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதியது, காற்றில் மழுங்கியிருந்தால் பழையது. குழந்தைப் பருவத்திலிருந்தே தடம் படித்தவர்களின் கண்ணுக்கு இணையான கருவி இன்றும் அரிது. மாலிஃபவுலின் தடம் தென்பட்ட முதிர்ந்த புதர்க்காட்டில் தீ வைப்பதில்லை. சுற்றியுள்ள புல்வெளியை எரித்து, அதற்கு ஒரு வெற்றுவளையம் போடுகிறார்கள்.