விதையும் சோறும் ஒரே வாரத்தில்

2021 டிசம்பர் வெள்ளத்தின்போது பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து 400 பொட்டலம் தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுக்குப் போனோம். முதல் முனையிலேயே எங்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள் நின்று சோறு கொடுத்துக்கொண்டிருந்தன. "போதும் தம்பி, வைக்க இடமில்லை" என்றார் ஓர் அக்கா. சாயங்காலம் மிச்சச் சோறு புளித்துப்போய்க் கொட்டினோம். நான்கு சந்து தள்ளி ஓர் அடுக்குமாடியில் அன்று முழுக்க யாரும் சாப்பிடவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை, கூட வந்த அண்ணன் ஒருவர் மாஜோங் காகிதம் எனும் பெரிய வெள்ளைத் தாளைக் காரின் மேல் விரித்துக் கட்டம் போட்டார். யார் கொடுக்கிறார்கள், என்ன, எந்தச் சந்தில், எத்தனை மணிக்கு, யாருக்கு. மற்றக் குழுக்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். அன்று ஒரு பொட்டலம்கூட வீணாகவில்லை.

போர் நடக்கும் நாடுகளில் உணவு உதவி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பிறகு படிக்கத் தொடங்கியபோது அதே கட்டத்தைப் பார்த்தேன். அங்கே அதற்கு 'ஃபைவ் டபிள்யூ' என்று பெயர், யார், என்ன, எங்கே, எப்போது, யாருக்கு என்ற ஐந்து கேள்விகளும் ஆங்கிலத்தில் W-வில் தொடங்குவதால். களத்தில் இருக்கும் அமைப்புகள் அதை நிரப்பி அனுப்ப, வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். எந்த மாவட்டத்தில் ஐந்து பேர் மாவு கொடுக்கிறார்கள், எங்கே ஒருவருமே இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாடு பிறந்ததே குளறுபடியில்தான். 2004 சுனாமி பினாங்குக் கரையையும் அடித்ததை நாம் மறக்கவில்லை. ஆச்சே, இலங்கை என்று உதவி குவிந்தது, ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல். அதே காலத்தில் சூடானின் டார்ஃபூரில் போரில் வீடிழந்தவர்களுக்கு உதவி போதவில்லை. இவற்றைப் பார்த்துத்தான் 2005இல் ஐ.நா. வேலையைத் துறைவாரியாகப் பிரித்தது. 'கிளஸ்டர்' என்பார்கள். குடிநீருக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, தங்குமிடத்துக்கு ஒன்று. உணவுக்கானதை இரண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்துகின்றன: சோறு கொடுக்கும் உலக உணவுத் திட்டம், விதையையும் கால்நடையையும் பார்த்துக்கொள்ளும் உணவு வேளாண்மை அமைப்பு. இந்த இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

யாருக்கு முதலில் கொடுப்பது? இதற்கென்று 2004இல் சோமாலியாவில் ஓர் அளவுகோல் உருவானது. இப்போது பல நாடுகளில் அதுதான் வழக்கம். ஐந்து படிகள், மூன்றாவது நெருக்கடி, நான்காவது அவசரநிலை, ஐந்தாவது பஞ்சம். ஒரு பகுதியில் பஞ்சம் என்று அறிவிக்க மூன்று கணக்கு பார்க்கிறார்கள். 100 குடும்பங்களில் 20க்காவது உணவு ஏறக்குறைய இல்லவே இல்லை. எடையையும் உயரத்தையும் ஒப்பிட்டால் 100 குழந்தைகளில் 30 பேராவது வற்றிப்போயிருக்கிறார்கள். 10,000 பேரில் நாளுக்கு 2 பேராவது பசியாலோ பசியோடு வரும் நோயாலோ இறக்கிறார்கள். தராசு கொண்டுபோக முடியாத இடத்தில் குழந்தையின் மேற்கையில் ஒரு நாடாவைச் சுற்றுவார்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நாடா சிவப்பைக் காட்டும். அந்தக் குழந்தைக்கு உடனே சிகிச்சை வேண்டும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. மூன்றாவது கணக்கே சாவை எண்ணுவது. சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 2,60,000 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். மூன்றாவது படியிலேயே லாரி கிளம்பியாக வேண்டும் என்று களத்தில் இருப்பவர்கள் கத்துவது இதனால்தான். ஆனால் பணம் பெரும்பாலும் ஐந்தாவது படியின் படங்கள் தொலைக்காட்சியில் வந்த பிறகே வருகிறது.

சரி, லாரியில் என்ன ஏற்றுவது? ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,100 கலோரி என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். வழக்கமான பங்கீட்டில் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், கொஞ்சம் உப்பு, சத்து மாவு. கையில் அள்ளினால் சின்னதாகத்தான் தெரியும். 10,000 பேர் உள்ள முகாமுக்குப் பெருக்கிப் பாருங்கள்: தானியம் மட்டும் நாளுக்கு 4 டன், மாதம் 120 டன். நம் சுபாங் விமானப்படைத் தளத்திலும் உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐ.நா. கிடங்கு ஒன்று அமைந்தது. கூடாரம், ஜெனரேட்டர், சத்து பிஸ்கட் போன்றவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஏற்றி அனுப்புவதற்கான இடம் அது. முதல் சில நாட்களைத் தாங்க அது போதும். மாதக்கணக்கில் 120 டன் என்றால் கப்பலும் சாலையும்தான் வழி. தெற்கு சூடானில் மழைக்காலத்தில் சாலைகள் சேறாகிவிடும் என்பதால், மழைக்கு முன்பே உள்ளூர்க் கிடங்குகளை நிரப்பி வைக்கப் பார்க்கிறார்கள். முடியாதபோது விமானத்திலிருந்து மூட்டைகளைப் போடுகிறார்கள். செலவு பல மடங்கு.

சந்தை இன்னும் நடக்கிற ஊரில் மூட்டைக்குப் பதில் பணமே கொடுத்துவிடுவதும் உண்டு. கடைக்காரரும் பிழைப்பார்.

இவ்வளவையும் துப்பாக்கிகளுக்கு நடுவே செய்ய வேண்டும். லாரி எந்த நாள், எந்த வழியில், என்ன ஏற்றிப் போகிறது என்பதைச் சண்டையிடும் எல்லாத் தரப்புக்கும் முன்கூட்டியே சொல்கிறார்கள். சொன்னாலும் தடுக்கப்படுவதுண்டு, தாக்கப்படுவதும் உண்டு. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கையாளக் கூடாது என்று 1977இலேயே ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறைகளில் எழுதியிருக்கிறது. பயிர், கால்நடை, பாசன வாய்க்கால் எதையும் அந்த நோக்கத்தில் அழிக்கக் கூடாது. 2018இல் ஐ.நா. பாதுகாப்பு அவையும் பட்டினி போடுவதைத் தீர்மானம் போட்டுக் கண்டித்தது.

சூடானில் போர் வெடித்தது 2023 ஏப்ரல் 15. அங்கே மழையை நம்பி வெள்ளைச்சோளம் விதைப்பது ஜூன், ஜூலையில். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் ஆட்கள் சொல்வதுதான் அங்கும். பட்டம் தவறினால் ஒரு வருடச் சோறு போயிற்று. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 10 கிலோ விதை போதும். சுமாரான மழைக்கே அது பல நூறு கிலோ தானியமாகத் திரும்பி வரும். லாரியில் தானியமாக ஏற்றினால் 10 கிலோ ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து நாள் சாப்பாடு, அவ்வளவுதான். ஆகஸ்டில் வரும் விதையால் பயனில்லை. மறு வருடம், 2024 ஆகஸ்டில், டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது.

இப்போது அந்த ஒரே மேசைக்கு வருகிறேன். பசித்த வீட்டுக்கு விதையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? தின்றுவிடுவார்கள். பிள்ளை அழும்போது விதைநெல் என்று எந்தத் தாய் பார்ப்பாள்? அதனால் விதை போகிற வாரத்திலேயே, அறுவடைவரை இல்லாவிட்டாலும் நட்டு முளைக்கும் வரையாவது, சாப்பாடும் போக வேண்டும். விதையைக் காக்கும் பங்கீடு என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஓர் அமைப்பின் விதை லாரியும் இன்னொரு அமைப்பின் உணவு லாரியும் ஒரே ஊருக்கு ஒரே வாரத்தில் போக, அந்த ஐந்து கட்டமும் உண்மையாக நிரம்பியிருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது பாட்டியின் ஞாபகம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் தோட்டத்து லயத்தில் சிறுமி. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோய், மரவள்ளிதான் சோறு. மண்ணுக்குள் இருப்பதால் வேண்டும்போது பிடுங்கலாம், கிடங்கும் வேண்டாம். ஆனால் குச்சி நட்டுக் கிழங்கு இறங்க எட்டு ஒன்பது மாதம் ஆகுமே, அதுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைசி வீட்டுத் தாத்தா ஒரு செடியைப் புடுங்கிக் கொடுத்தாரு. கிழங்கை அவிச்சோம், குச்சியை வெட்டி நட்டோம். அது தீர்ந்ததும் இன்னொரு செடி கொடுத்தாரு" என்றார்.