சிறுகுடல் தட்டையாகிவிட்டதாம், அது என்ன நோய்?

எண்டோஸ்கோப்பி முடிந்து, “கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறோம்” என்று சொன்னதுமே நம் ஆட்களுக்குப் பாதி உயிர் போய்விடும். நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும், லேப் ஜன்னலில் ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் கவரைப் பிரிக்கும் முன்பே கேட்பது ஒன்றைத்தான்: “கேன்சர் ஒண்ணும் இல்லல்லா சார்?” சிறுகுடலில் எடுத்த சதை என்றால் பெரும்பாலும் இல்லை. அத்தனை மீட்டர் நீளம் இருந்தும் சிறுகுடலில் புற்றுநோய் வருவது அபூர்வம். அந்தப் பதிலோடு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ரிப்போர்ட்டின் மற்ற வரிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நோய்க்குறியியல் மருத்துவர்களான நாங்கள் அந்தச் சதையில் தேடுவதே அந்த மற்ற வரிகளுக்கான விஷயத்தைத்தான்.

எண்டோஸ்கோப்பியில் பொதுவாக முன்சிறுகுடலிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுத் துணுக்குகளை எடுப்பார்கள். சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறோம். ஆரோக்கியமான குடல் என்றால் முதலில் கண்ணில் படுவது வரிசையாக நிமிர்ந்து நிற்கும் விரல்கள். இவைதான் பள்ளிப் பாடத்தில் படித்த குடலுறிஞ்சிகள். உயரம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. ஒவ்வொன்றின் நடுவிலும் ரத்த நுண்குழாய்கள், கூடவே கொழுப்பை ஏற்றிச் செல்லும் ஒரு நிணநீர்க் குழாய். விரல்களுக்கு இடையில் கீழ்நோக்கி இறங்கும் சிறு குழிகள். விரலின் உயரம் குழியின் ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும். இந்த விகிதத்தைத்தான் முதலில் பார்ப்போம்.

விரலின் மேல் வரிசையாக ஒட்டி நிற்பவை உறிஞ்சும் செல்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகள் உண்டு. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அவை தனித்தனியாகத் தெரியாது, செல்லின் விளிம்பில் அடர்த்தியான இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். இடையிடையே வெளிறிய வயிற்றோடு கோப்பை வடிவச் செல்கள். சளியைச் சுரப்பவை இவை, பின்சிறுகுடலை நோக்கிப் போகப்போக எண்ணிக்கை கூடும். குழியின் அடியில் பளிச்சென்ற சிவப்புத் துகள்களோடு பேனத் செல்கள் இருக்கும். கிருமிகளைக் கொல்லும் பொருள்களைச் சுரப்பது அவற்றின் வேலை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத செல் அதுதான்.

இத்தனை மடிப்பும் விரலும் எதற்கு? பரப்பளவுக்காக. குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பல காலம் புத்தகங்கள் சொல்லிவந்தன. நம் ஊர்க் கணக்கில் அது ஏறத்தாழ ஆறு சென்ட். 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள் இரண்டு பேர் கவனமாக அளந்து, சிறுகுடலின் உட்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். முக்கால் சென்ட். குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். ஒரு மனிதனின் தோல் மொத்தம் இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இந்த முக்கால் சென்ட் முழுக்க மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைக்கிறது. குழியின் அடிப்பகுதியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் பிரிந்து, புதிய செல்கள் மேலே ஏறி, விரல் நுனியை அடைந்து உதிர்கின்றன. குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு வந்த பிறகு சில நாள் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி விரலின் மேல்பகுதியிலுள்ள முதிர்ந்த செல்களில்தான் இருக்கும். வைரஸ் அழிப்பதும் அவற்றைத்தான். புதிய செல்கள் ஏறி வந்ததும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதற்குள் “பால் சேராத பிள்ளை” என்று முத்திரை குத்தி மாதக்கணக்கில் பாலை நிறுத்துகிற வீடுகள் இருக்கின்றன. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். விரல்கள் குட்டையாகி, குழிகள் நீண்டு, கடைசியில் விரலே இல்லாமல் மேற்பரப்பு சமதளமாகிப்போகும் நிலை உண்டு. உறிஞ்சும் செல்களுக்கு இடையே லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வந்து அடைந்து நிற்கும். நூறு செல்லுக்கு இருபத்தைந்துக்கு மேல் போனால் சந்தேகப்படுவோம். 1992-ல் மைக்கேல் மார்ஷ் என்பவர் இந்த மாற்றங்களைப் படிநிலைகளாக வகுத்தார். 1999-ல் அதன் மூன்றாம் படியை 3ஏ, 3பி, 3சி என்று பிரித்தார்கள். ரிப்போர்ட்டில் “மார்ஷ் 3பி” என்று இருந்தால் விரல்கள் பெருமளவு தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அவ்வளவுதான். அது சேதத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, யார் சேதப்படுத்தினார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஆனால் அந்த வரியை இணையத்தில் தட்டினால் முதலில் வந்து நிற்பது “சீலியாக்”. உடனே வீட்டில் சப்பாத்தி நின்றுவிடும்.

சீலியாக் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் புரதத்தால், மரபணு ரீதியாக அதற்கு வாய்ப்புள்ளவர்களின் குடல் சிதையும் நோய். வட இந்தியாவில் நிறையவே உண்டு. 2016-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், வடக்கைவிடத் தெற்கில், அதாவது வேலூர்ப் பக்கம், இது மிகவும் குறைவாகத் தெரிந்தது. கோதுமை சாப்பிடும் அளவு வேறுபடுவதை ஒரு முக்கியக் காரணமாக அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். புட்டும் சம்பா அரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக வளர்ந்த ஊர் நம்முடையது. இவை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் இப்போது ராத்திரி சாப்பாடு பல வீடுகளில் புரோட்டாவாகவும் சப்பாத்தியாகவும் மாறிவிட்டது. ஆகவே சீலியாக் இங்கே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். தட்டையான குடல் என்றாலே அதுதான் என்று சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

இங்கே ஒரு விஷயம் மிக முக்கியம். சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு, ரெண்டு மாதம் கழித்து டெஸ்டுக்கு வருகிறார்கள். கோதுமை நின்றால், சீலியாக்கைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி எதிர்ப்பொருள் இறங்கத் தொடங்கும், விரல்களும் மெல்ல வளரத் தொடங்கும். அந்த நிலையில் எடுத்த சதையை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. திரும்பவும் மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு, மறுபடி குழாயை விழுங்க வேண்டிவரும். டெஸ்ட் முடியும்வரை எப்போதும்போலச் சாப்பிடுங்கள். சீலியாக் உறுதியானால் வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். சப்பாத்தி மட்டுமல்ல, ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமைதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில்கூட பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்படி ஒரு கட்டுப்பாட்டை உறுதியில்லாத நோய்க்காக ஒருவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

வேறு யார் யார் இந்த வேலையைச் செய்வார்கள்? டிராபிக்கல் ஸ்ப்ரூ என்று ஒரு குடல் நோய் உண்டு. நீடித்த பேதி, மெலிவு, பி12, ஃபோலேட் வைட்டமின்கள் குறைவது. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் தென்னிந்தியாவில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பகுதிக் கிராமங்களில் இது கொள்ளைநோயாகவே பரவியிருந்தது. மருந்து முற்றிலும் வேறு: ஃபோலிக் ஆசிட், பி12, டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். இவர்களிடம் கோதுமையை நிறுத்தச் சொல்வதில் பிரயோஜனமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியே எந்தத் தொந்தரவும் இல்லாத தென்னிந்தியர்களிடம்கூட குடலுறிஞ்சிகள் விரலாக இல்லாமல் அகன்ற இலை வடிவில் இருப்பது சகஜம். மேலைநாட்டுப் பாடப்புத்தகப் படத்தை மட்டும் மனதில் வைத்துப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் நோயாளிகள்.

அடுத்து, உயிரோடு உள்ளே குடியிருப்பவை. ஜியார்டியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி நம் செல்லுக்குள் நுழையாது, விரல்களுக்கு இடையில் சளியோடு ஒட்டிக்கிடக்கும். பேரிக்காய் வடிவம், இரண்டு உட்கருக்கள். பக்கவாட்டில் வெட்டுப்பட்டால் மெல்லிய பிறைக்கோடுதான் தெரியும், அவசரப்பட்டால் தவறிவிடும். அசுத்தமான தண்ணீரில் வருவது, ஒரு சில நாள் மாத்திரையில் போய்விடும்.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் அப்படி அல்ல. இது ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து நுழையும் மயிரிழைப் புழு. குலசேகரம், அருமனைப் பக்கம் விடியும் முன்பே ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்கள், வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்லைடில் பார்த்தால் குழியின் சுவருக்குள், பேனத் செல்களுக்குப் பக்கத்திலேயே, புழு குறுக்காக வெட்டுப்பட்டு வட்டவட்டமாகத் தெரியும். சுற்றிலும் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள். உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகுவதால் பல பத்தாண்டுகள் தங்கிவிடும், மலப் பரிசோதனையில் சிக்காமலும் போகும். மூட்டுவலிக்கோ வீசிங்குக்கோ ஸ்டீராய்டு கொடுக்கும்போதுதான் ஆபத்து: புழுக்கள் பெருகி உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கலாம். ஐவர்மெக்டின் மாத்திரையில் ஒழியக்கூடிய புழு இது. தட்டையான குடல் என்று மட்டும் எழுதி, குழிக்குள் பார்க்காமல் விட்டால் எவ்வளவு பெரிய விஷயம் கைநழுவிவிடும் பாருங்கள்.

மருந்துகளும் உண்டு. ஓல்மிசார்ட்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிலருக்குக் குடலுறிஞ்சிகளை அப்படியே தேய்த்துவிடும் என்பதை 2012-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 22 நோயாளிகளை வைத்து எழுதினார்கள். மாத்திரையை மாற்றியதும் குடல் திரும்ப வளர்ந்தது. இது அபூர்வம்தான். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பி.பி. மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் சதையோடு வரும் படிவத்தில் நோயாளி சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் இருக்க வேண்டாமா? பெயர், வயது, “பயாப்சி” என்ற ஒரு சொல், அவ்வளவுதான் பல படிவங்களில் இருக்கும். எங்கே வேலை, எத்தனை நாளாகப் பேதி, ஹீமோகுளோபின் எவ்வளவு, கோதுமையை நிறுத்தியாகிவிட்டதா, எதுவுமே இருக்காது. எழுத வேண்டியது மருத்துவர்தான் என்றாலும், நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பேதியே இல்லாமலும் இந்தக் குடல் தேய்வு வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். அங்கே விரல்கள் தேய்ந்திருந்தால் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கினாலும் ரத்தம் ஏறாது. பெண்கள் என்றால் மாதவிடாயின் மேல் பழியைப் போட்டு, டானிக் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள். ஒழுங்காக மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் குடலைப் பற்றி யோசிக்க வேண்டும். வளர்த்தி நின்றுபோன பிள்ளைகளுக்கும் இதேதான்.

சதை எடுக்கும் விதத்திலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரு துணுக்கு போதாது, குறைந்தது நான்கு வேண்டும். சாய்வாக வெட்டுப்பட்டால் நல்ல விரல்கூடக் குட்டையாகத் தெரியும். எடுத்த உடனே ஃபார்மலினில் போட வேண்டும், ஏனென்றால் குடலின் இந்தப் படலம் மிகச் சீக்கிரம் கரைந்துபோகும். தனியார் லேபில் கொடுக்கச் சொல்லி பாட்டிலை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டால், உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா, வெறும் சலைனா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டாவது கருத்து கேட்டு திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே மறுபடி எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்வார்கள். முதலில் பார்த்த லேபில் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் பத்திரமாக இருக்கும், அதில் இன்னும் சதை மிச்சமிருக்கும். கையெழுத்துப் போட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டு போனால் அதையே புதிதாகச் சீவிப் பார்க்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளாக்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.