சாம்பல் கல் வாங்கும்போது தேதியைக் கேளுங்கள்

தெரிந்தவர் ஒருவர் அழைத்தார். குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஹால் சுவரில் தலைமுடி கனத்துக்கு விரிசல்கள். "சாம்பல் கல் போட்டதுதான் தப்பா சார்?" செங்கல்லுக்குப் பதிலாக வைக்கும், அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லைத்தான் சொல்கிறார். சைட் இன்ஜினியராக இந்தக் கேள்வியை நிறையக் கேட்டாயிற்று. கல் இறக்கிய தேதி பில்லில் இருந்தது. கல்லை அச்சில் வார்த்த தேதி என்ன என்றேன். யாருக்கும் தெரியவில்லை.

எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை மாவாக அரைத்து எரிக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல்தான். புகையோடு பறக்கும் நுண்தூளைப் பிடித்து சைலோ என்கிற உயரமான தொட்டியில் சேர்ப்பது உலர் சாம்பல். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு விடுகிறார்கள். அந்தக் குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் கழிமுகத்து மீனவர்கள்தான் சொல்ல வேண்டும். சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று மத்திய அரசு 2021இல் அறிவிக்கை போட்டது. அதனால் இந்தக் கல் இனி இன்னும் அதிகமாகத்தான் வரும்.

வரட்டும், நல்லதுதான். சூளை வேண்டாம், வயல் மண்ணைத் தோண்ட வேண்டாம். சாம்பலே ஆகாது என்பவர் வீட்டுக்கு வாங்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்டிலும் 15 முதல் 35 சதவீதம் இதே சாம்பல்தான்!

சாம்பலில் உள்ள சிலிக்கா தானாக ஒட்டாது. சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து ஈரமாக வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறுகும். சிக்கலே அந்த 'மெல்ல'வில்தான். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்ட வேண்டிய கல்லை, கல் செய்யும் யார்டில் இடமில்லை என்று ஒரே வாரத்தில் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அது சுவரில் உட்கார்ந்த பிறகும் காய்ந்து சுருங்கும், பூச்சைக் கீறும். உலர் சாம்பலுக்குப் பதில் குளத்துச் சாம்பலைக் கலப்பவர்களும் உண்டு. அது பருமனான துகள், சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுவது குறைவு.

லோடு இறங்கும்போது ஒரு கல்லை எடுத்து மூலையை ஆணியால் கீறுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் திருப்பி அனுப்புங்கள். உலர்ந்த கல்லை எடை போட்டு ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. அப்புறம், செங்கல் பழக்கத்தில் கொத்தனார் இதையும் தொட்டியில் முக்குவார். வேண்டாம், லேசாகத் தெளித்தால் போதும்.

அந்த வீட்டில் இப்போதைக்கு எதையும் உடைக்கச் சொல்லவில்லை. ஒரு கோடை போகட்டும், சுருங்குவது நின்றதும் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்றேன். மாடி கட்டப் போகிறாராம். போன வாரம் யார்டிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார்: கல் அடுக்கின் மேல் சாக்பீஸில் எழுதிய தேதி.