முன்பருவக் கல்வியில் தேர்வு இல்லை என்றால், குழந்தை கற்றதை எப்படி அறிவது?

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஆறு சேவைகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆனால் இத்திட்டம் நடக்கும் அங்கன்வாடி என்றதும் சத்துமாவும் மதிய உணவும் தடுப்பூசியும் நினைவுக்கு வருகிற அளவுக்கு இந்தச் சேவை பெற்றோர் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் அங்கே பாடுகிறார்கள், மணிகளைக் கோக்கிறார்கள், கட்டைகளை அடுக்குகிறார்கள். மாலையில் அழைத்துச் செல்ல வரும் தாய், "டீச்சர், இவன் ஏதாவது படிக்கிறானா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணில் விடை சொல்லக் கூடாது என்பதுதான் இன்றைய வழிகாட்டுதலின் சாரம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான ஐந்து ஆண்டுகளை அடிப்படை நிலை என ஒரே கட்டமாக வகுத்தது. அந்த நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2022 அக்டோபர் 20 அன்று வெளியிடப்பட்டது. இந்த வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வுகளும் சோதனைகளும் முற்றிலும் பொருந்தாத கருவிகள் என்று அது ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. அவற்றுக்கு மாற்றாக இரண்டு வழிகளை முன்வைக்கிறது: ஒன்று, குழந்தை செயல்பாட்டில் ஈடுபட்டிருக்கும்போது உற்றுநோக்குவது, மற்றொன்று, குழந்தை வரைந்ததையும் செய்ததையும் ஆராய்வது. இது சட்டம் அன்று, வழிகாட்டும் ஆவணமே. எனினும் இதற்குப் பின் வந்த மத்திய அரசின் முன்பருவக் கல்வி ஏற்பாடுகள் இதனை ஒட்டியே அமைந்துள்ளன.

உற்றுநோக்குவது என்றால் என்ன என்பதை ஒரு செயல்பாட்டைக் கொண்டே பார்ப்பது நல்லது. ஒரு தட்டில் பத்துப் புளியங்கொட்டைகளும் பத்துச் சிப்பிகளும் கலந்து கிடக்கின்றன. நான்கரை வயதுச் சிறுமி ஒருத்தி அவற்றைப் பிரிக்கிறாள். ஏன் இப்படிப் பிரித்தாய் என்று கேட்டால், "இது வழவழன்னு இருக்கு, இது கோடு கோடா இருக்கு" என்கிறாள். பிறகு புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தி, ஏழு வரை சரியாக எண்ணி, எட்டை விட்டுவிட்டு ஒன்பதுக்குத் தாவுகிறாள். மொத்தம் எத்தனை என்று கேட்டதும், எண்ணைச் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள். ஆசிரியர் அதே கொட்டைகளைச் சற்று இடைவெளி விட்டுப் பரப்பி வைத்தால், இப்போது அதிகமாகிவிட்டது என்கிறாள்.

இந்தச் சில நிமிடங்களில் தெரிந்தவை பல. தொட்டுணர்ந்த பண்பைக் கொண்டு வகைப்படுத்தவும், அதற்குக் காரணம் சொல்லவும் அவளால் முடிகிறது. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற பொருத்தம் கைவந்திருக்கிறது. ஆனால் கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கும் என்பது இன்னும் பிடிபடவில்லை. இடம் மாறினால் எண்ணிக்கை மாறாது என்பதும் தெரியவில்லை. அந்த வயதில் இவை குறைகளல்ல, அடுத்து எந்தச் செயல்பாட்டைத் தர வேண்டும் என்பதற்கான தகவல்கள். இதே சிறுமிக்கு ஒரு தாளைக் கொடுத்து ஒன்று முதல் பத்து வரை எழுதச் சொல்லியிருந்தால், ஒருவேளை எழுதிக் காட்டியிருப்பாள். நாமும் எண்கள் தெரிந்துவிட்டன என்று முடிவு கட்டியிருப்போம்.

பார்த்ததைக் குறித்து வைப்பதில்தான் பெரும்பாலும் சறுக்கல் நேர்கிறது. "கெட்டிக்காரி, நன்றாகச் செய்தாள்" என்று எழுதுவது பாராட்டே தவிரப் பதிவு ஆகாது. "7 வரை தொட்டு எண்ணினாள்; 8 விடுபட்டது; மொத்தம் கேட்டபோது மீண்டும் எண்ணினாள்" என்று தேதியுடன் எழுதப்படும் நிகழ்வுக் குறிப்பை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், மாற்றம் கண்ணுக்குத் தெரியும். சரிபார்ப்புப் பட்டியலும் பயன்படும். ஆனால் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எல்லாக் கட்டங்களிலும் டிக் அடிக்கப்பட்ட பட்டியல், குழந்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இரண்டாவது வழி இன்னும் எளிது. குழந்தையின் கிறுக்கல், காகித மடிப்பு, ஒட்டுப்படம் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வைப்பதுதான் படைப்புத் தொகுப்பு. கிறுக்கலைப் பற்றிக் குழந்தை சொன்னதை அதன் பின்புறத்தில் அப்படியே எழுதி வைத்தால், ஓவியத்தோடு மொழி வளர்ச்சியும் பதிவாகிவிடும். நன்றாக வந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது பார்வைக்கு வைக்க உதவலாம், மதிப்பிட உதவாது.

ஓர் அங்கன்வாடியில் ஒரே பணியாளர் பல வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, எடை பார்த்து, போஷன் டிராக்கர் செயலியிலும் விவரங்களைப் பதிவேற்ற வேண்டியிருக்கும்போது இவ்வளவும் முடியுமா என்று கேட்பது நியாயமே. மதிப்பீடு ஆசிரியருக்கு அளவு கடந்த சுமையாகக் கூடாது என்று கலைத்திட்ட வடிவமைப்பே சொல்கிறது. எந்தக் கருவியை, எவ்வளவு இடைவெளியில் பயன்படுத்துவது என்பதையும் ஆசிரியரின் முடிவுக்கே விடுகிறது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே நாளில் பார்க்க முயல்வதை விட, ஒரு நாளைக்கு நான்கு பேரை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

2023 மே 10 அன்று தொடங்கப்பட்ட 'போஷன் பி படாய் பி' (ஊட்டச்சத்தோடு கல்வியும்) என்ற மத்திய அரசுத் திட்டம் நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேர முன்பருவக் கல்வியை வலியுறுத்துகிறது. அதன் தொடர்ச்சியாக 2024 மார்ச்சில் வந்த 'ஆதார்ஷிலா' கலைத்திட்டம் 48 வாரங்களைக் கொண்டது: வீட்டிலிருந்து வரும் குழந்தை பழகிக்கொள்ள முதல் 4 வாரங்கள், கற்றலுக்கு 36 வாரங்கள், மீள்பார்வைக்கும் முன்னேற்றத்தை உற்றுநோக்குவதற்கும் கடைசி 8 வாரங்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற கலைத்திட்டம் ஏற்கெனவே உள்ளது; பெயரே அதன் முறையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு நாள் பார்த்ததைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த குழந்தையும், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தையும், அந்நியர் முன் வாய் திறக்காத குழந்தையும் தெரிந்ததைக்கூடக் காட்டாமல் இருக்கலாம். அதே நேரத்தில், பல வாரங்கள் பார்த்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, சொற்கள் பெருகாமை, பொருளைப் பிடிப்பதில் தொடர்ந்து தடுமாற்றம் போன்றவை தென்பட்டால் அதை 'மந்தம்' என்று முத்திரை குத்தாமல் மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. தேவைப்படும் குழந்தைகள், வளர்ச்சிக் குறைபாடுகளுக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். இத்தகைய நேரத்தில் தேதியிட்ட குறிப்புகள் மருத்துவருக்கும் உதவும்.

முன்னேற்றத்தைப் பெற்றோருடன் பகிர்வதற்கு முழுமையான முன்னேற்ற அட்டையைக் கலைத்திட்ட வடிவமைப்பு பரிந்துரைக்கிறது. அதில் தர வரிசை இல்லை. குழந்தை என்ன செய்கிறது, அடுத்து எதற்கு உதவி வேண்டும் என்ற விவரிப்பே உண்டு. அங்கன்வாடியில் மாதந்தோறும் முன்பருவக் கல்வி தினம் நடக்கும்போது கோப்பைக் காட்டும்படி பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். "எத்தனை எழுத்து தெரியும்?" என்பதை விட, "போன மாதத்தை விட இப்போது புதிதாக எதைத் தானே செய்கிறான்?" என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும்.

முன்பருவத்தில் தேர்வுப் பழக்கம் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்காது என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 13ஆம் பிரிவு, ஆறு வயது நிறைந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ வடிகட்டும் தேர்வு எதுவும் வைக்கக் கூடாது என்று தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அதன் பிறகு ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். முன்பருவக் கல்வி முழுமையாகக் கிடைக்காமல் ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தைகளையும் மனத்தில் கொண்டு, தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 'வித்யா பிரவேஷ்' என்ற மூன்று மாத விளையாட்டு வழி ஆயத்தப் பயிற்சியை 2021இல் உருவாக்கியது. அங்கன்வாடியிலிருந்து வரும் குழந்தையின் கோப்பு அந்த வகுப்பு ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், புளியங்கொட்டையை எங்கிருந்து மறுபடி எண்ணத் தொடங்குவது என்பது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.