ரீபூட் கொடுப்பதற்கு முன்: ஃப்ரீபிஎஸ்டி அப்கிரேடும் நாமே தயாரிக்கும் கெர்னலும்

"சார், மெஷின் நல்லா ஏறிடுச்சு சார். லாகின் வருது. நீங்க சொன்ன மாதிரி உள்ள போய் ஐஎஃப்கான்ஃபிக் அடிச்சேன். எல்ஓ0 மட்டும்தான் இருக்கு, வேற ஒண்ணுமே இல்ல."

2019 தொடக்கத்தில் ஒரு நள்ளிரவு. டேட்டா சென்டரில் இரவுப் பணியில் இருந்த இளைஞர் போனில் சொன்னது இது. நான் இருந்த ஊருக்கும் அந்த சர்வருக்கும் இடையே ஓர் இரவுப் பயணத் தூரம். அதில் ஒரு சிறு நிறுவனத்தின் மெயில் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தை 11-லிருந்து 12-க்கு ஏற்றுகிறேன் என்று சோர்ஸிலிருந்து (மூலநிரலிலிருந்து) கட்டி, இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதிதாக நிறுவி, ரீபூட் கொடுத்தேன். அதன்பின் தூரத்திலிருந்து உள்ளே போக உதவும் எஸ்எஸ்ஹெச் பதில் தரவில்லை. கட்டும்போது ஒரு பிழைகூட வரவில்லை. கெர்னலும் ஒழுங்காகவே ஏறியது. நெட்வொர்க் கார்டு மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் பார்த்த எல்ஓ0, இயந்திரம் தன்னோடு தானே பேசும் உள் இணைப்பு மட்டுமே.

காரணம் என் கெர்னல் கான்ஃபிக் கோப்பில் இருந்த ஒரே ஒரு வரி. கோப்பே சிறியதுதான். முதலில் 'இன்க்ளூட் ஜெனரிக்', அதாவது ஃப்ரீபிஎஸ்டி தரும் பொதுக் கெர்னலின் எல்லா அமைப்புகளையும் எடுத்துக்கொள் என்பது. அடுத்து என் கெர்னலுக்கு ஒரு பெயர். அதன்பின் எனக்கு வேண்டாதவற்றை நீக்கும் 'நோடிவைஸ்' வரிகள். அவற்றில் ஒன்று 'நோடிவைஸ் இஎம்'. அந்த மதர்போர்டில் இருந்த இரண்டு இன்டெல் போர்ட்டுகளும் ஐஜிபி டிரைவரில் (கார்டை இயக்கும் நிரலில்) ஓடுபவை. இஎம் என்பது வேறு இன்டெல் கார்டுகளுக்கான டிரைவர், நமக்கு எதற்கு என்று எடுத்துவிட்டேன். 11-இல் அது சரியான முடிவு. கெர்னல் மெலிந்தது, எல்லாம் ஓடியது.

12-இல் இந்த டிரைவர்களை ஐஎஃப்லிப் என்ற பொதுச் சட்டகத்தின் மேல் திருப்பி எழுதிவிட்டார்கள். ஐஜிபியின் நிரல் இஎம்முக்குள் போய்விட்டது. ஜெனரிக் கோப்பில் ஐஜிபிக்கென்று தனி வரியே இல்லாமல் போனது. ஆகவே அதே 'நோடிவைஸ் இஎம்' வரி இப்போது இரண்டையும் சேர்த்து நீக்கியது. இல்லாத ஒரு டிவைஸை நான் எங்கும் கேட்கவில்லை, அதனால் கான்ஃபிக் நிரலுக்கும் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் எழுதியதை அது அப்படியே செய்தது.

இதை யாரும் மறைத்து வைக்கவில்லை. சோர்ஸ் மரத்தின் உச்சியில் 'அப்டேட்டிங்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. தேதி போட்டு, அந்த மாற்றத்தால் யாருக்கு என்ன வேலை வரும் என்று அதில் எழுதுவார்கள். 2017 ஜனவரி 9 தேதியிட்ட குறிப்பில் என் நிலைமை அச்சாக இருக்கிறது: இஎம்மை விலக்கிய கெர்னல் வைத்திருந்து ஐஜிபி பயன்படுத்துகிறீர்களானால், இஎம்மைத் திரும்பச் சேர்க்க வேண்டும். குறிப்பு வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. நான் படிக்கவில்லை.

இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டது. கட்டும் நேரத்தை மிச்சப்படுத்த, மாட்யூல்ஸ்_ஓவர்ரைடைக் காலியாக வைத்து, கெர்னலோடு மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் துண்டு) எதையும் கட்டாமல் விட்டிருந்தேன். 12-இல் டெவ்மேட்ச் என்ற புதிய வசதி வந்திருந்தது. இயந்திரத்தில் இருக்கும் கார்டைப் பார்த்து, அதற்கான மாட்யூல் டிஸ்கில் இருந்தால் தானே ஏற்றிவிடும். மாட்யூல்களைக் கட்டியிருந்தால் அன்று அதுவே என்னைக் காப்பாற்றியிருக்கலாம். தேவையில்லை என்று நான் வெட்டியவைதான் ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கக் கூடியவையாக இருந்தன.

மீண்டது எப்படி? அந்தத் தம்பியை ரீபூட் செய்யச் சொன்னேன். பூட் மெனு வந்ததும் 'கே' எழுத்தைத் தட்டினால் கெர்னல் என்ற வரியில் 'கெர்னல்.ஓல்ட்' என்று மாறும், மாறியதும் என்டர். சில நிமிடங்களில் சர்வர் பழையபடி எழுந்தது. ரூட் பாஸ்வேர்டைப் போனில் சொல்லியிருந்ததால் முதல் வேலையாக அதை மாற்றினேன்.

பழைய கெர்னல் அவ்வளவு எளிதாக ஏறியதற்கு, நான் வரிசையை மீறாமல் இருந்ததே காரணம். பில்ட்வேர்ல்ட், பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல், ரீபூட், அதன்பிறகே இன்ஸ்டால்வேர்ல்ட். பில்ட் என்பது கட்டுவது, இன்ஸ்டால் என்பது நிறுவுவது, வேர்ல்ட் என்பது கெர்னல் தவிர்த்த சிஸ்டத்தின் நிரல்கள். இந்த வரிசையைச் சடங்காக நினைப்பவர்கள் உண்டு. நடுவில் இருக்கும் ரீபூட்டைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுவிவிடலாமே என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. புதுக் கெர்னலால் பழைய நிரல்களை ஓட்ட முடியும்; அதற்கான காம்பேட் (பழையதோடு ஒத்துப்போகும்) அமைப்புகள் ஜெனரிக்கில் இருக்கின்றன. பழைய கெர்னலில் புது நிரல்கள் ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 12-இல் ஐநோட் எண்கள் (கோப்புகளின் அடையாள எண்கள்) 64 பிட்டாக மாறின. அதற்காகக் கட்டிய நிரல்களை 11-இன் கெர்னலில் ஓட்டினால் 'பேட் சிஸ்டம் கால்' என்று சொல்லிச் சாகும். அன்று இன்ஸ்டால்வேர்ல்டையும் முடித்துவிட்டு ரீபூட் கொடுத்திருந்தால், பழைய கெர்னலை ஏற்றியும் பயன் இருந்திருக்காது.

கெர்னல்.ஓல்டைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இன்ஸ்டால்கெர்னல் ஓடும்போது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் கெர்னல்.ஓல்டுக்கு நகர்கிறது. ஏற்கெனவே அங்கே இருந்தது அழிகிறது. பழுதான கெர்னல் என்றாலும் ஓரளவு ஏறிவிட்டது, கன்சோல் கையில் இருக்கிறது, இங்கேயே திருத்திக் கட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படிக் கட்டி நிறுவினால், பழுதானது கெர்னல்.ஓல்ட் ஆகும், நல்லது மறைந்துபோகும். இரண்டாவது முயற்சியும் தவறினால் திரும்பிப் போக இடமில்லை. ஆகவே எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன், நன்றாக ஓடும் கெர்னலை '/பூட்/கெர்னல்.குட்' என்று அடைவோடு நகலெடுத்து வையுங்கள். அந்தப் பெயரை இன்ஸ்டால்கெர்னல் தொடாது. 12-இலிருந்து வரும் லூவா லோடர் (கெர்னலை ஏற்றும் தொடக்க நிரல்) அதைத் தானே கண்டுபிடித்து மெனுவில் காட்டும். அதற்கு முந்தையதில் லோடர் ப்ராம்ப்டில் 'பூட் கெர்னல்.குட்' என்று தட்டினால் போதும்.

அந்த இரவுக்குப் பிறகு தூரத்துச் சர்வர்களில் புதுக் கெர்னலை நேரடியாக '/பூட்/கெர்னல்' இடத்தில் நான் வைப்பதே இல்லை. இன்ஸ்டால்கெர்னலுக்குக் 'கோடிர்' மதிப்பைக் கொடுத்தால் வேறு அடைவில் நிறுவும். நான் '/பூட்/கெர்னல்.டெஸ்ட்' என்று கொடுக்கிறேன். பிறகு 'நெக்ஸ்ட்பூட் -கே கெர்னல்.டெஸ்ட்' என்று சொன்னால் அடுத்த ஒரு முறை மட்டும் அது ஏறும். தொங்கிப்போனால் யாராவது பவரை அணைத்துப் போட்டால் போதும், பழையது தானாக வரும். கெர்னல் ஏறி நெட்வொர்க் மட்டும் வராத என் நிலைமைக்கு ஆர்சி.லோக்கலில் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று வைக்கிறேன். பத்து நிமிடம் கேட்வேயைப் பிங் செய்து பார்க்கும். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் ரீபூட் செய்யும். அடுத்த பூட்டில் பழைய கெர்னலோடு எழுந்து நிற்கும். நள்ளிரவில் இன்னொருவரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அந்த ஸ்கிரிப்டை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்றோ ஒருநாள் கேட்வே பழுதாகும்போது உங்கள் சர்வரும் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் இங்கே சொன்னது யுஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்கான கணக்கு. ரூட், இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இருந்தால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. பெக்டில் என்ற கருவி 12.0-இலிருந்து அடிப்படை சிஸ்டத்திலேயே வருகிறது. 'பெக்டில் கிரியேட்' என்று ஒரு வரி தட்டினால் கெர்னலும் நிரல்களும் சேர்ந்த முழு சிஸ்டமும் அந்த நிலையில் பத்திரமாகிறது. பூட் மெனுவிலேயே தேர்ந்தெடுத்துத் திரும்பலாம். ஆனால் அப்கிரேட் ஆனவுடன் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' அடித்தால், சில புதிய வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை என்று ஒரு செய்தி நிற்கும். அதைப் பிழையென்று எண்ணிப் பலர் உடனே 'இசட்பூல் அப்கிரேட்' கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பின்வாங்கல் கிடையாது. பழைய கெர்னலால் அந்தப் பூலை (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பை) படிக்க முடியாமல் போகலாம். பூட் லோடர் பழையதாக இருந்தால் புதியதுகூட ஏறாமல் போகலாம். நான் குறைந்தது ஒரு மாதமாவது காத்திருக்கிறேன். முதலில் பூட் லோடரைப் புதுப்பிக்கிறேன், பூலைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்குச் சொந்தக் கெர்னல் உண்மையிலேயே வேண்டுமா? நினைவகம் சில மெகாபைட்டாக இருந்த காலத்தில் வேண்டாத டிரைவரை எடுப்பது கண்கூடான லாபம். இன்றைய சர்வரில் அந்த மிச்சம் எங்கே போகிறதென்றே தெரியாது. ஜெயில்களுக்கு (ஒரே கெர்னலில் ஓடும் தனித்தனி அடைப்புகளுக்கு) தனி நெட்வொர்க் வேண்டும், அதற்கு விஇமேஜ் அமைப்பு தேவை என்பதற்காகவே சொந்தக் கெர்னல் கட்டிய பலரை எனக்குத் தெரியும். 12.0-இலிருந்து அது ஜெனரிக்கிலேயே இருக்கிறது. அவர்களில் சிலர் இன்னும் பழைய கான்ஃபிக்கையே சுமந்துகொண்டிருக்கிறார்கள். பிஎஃப் என்ற ஃபயர்வாலோடு, நெட்வொர்க் போக்குவரத்தை வரிசைப்படுத்தும் ஆல்ட்க்யூ வேண்டும் என்பது போன்ற, மாட்யூலாகக் கிடைக்காத தேவை இருந்தால் கட்டுங்கள். நினைவகம் மிகக் குறைந்த சிறு பலகைகளுக்கும் கட்டலாம். வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் மட்டும் கட்டாதீர்கள்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. வேறொரு நிறுவனத்தின் சர்வரை நான் பொறுப்பேற்றபோது, அங்கே இருந்தவர், "மாசாமாசம் அப்டேட் பண்ணிடுறோம் சார்" என்றார். பொய் இல்லை. மாதந்தோறும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஓடியிருந்தது. ஆனால் ஓடியது சொந்தக் கெர்னல். பேட்ச் வரும்போது அந்தக் கருவி நிரல்களைத் திருத்தும், சோர்ஸைத் திருத்தும். நீங்கள் கட்டிய கெர்னலைத் தொடாது. திருத்திய சோர்ஸிலிருந்து நீங்கள்தான் மறுபடி கட்ட வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. 'ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் -கேயு' என்று அடித்துக் காட்டினேன். கெர்னலின் பேட்ச் எண்ணும் நிரல்களின் பேட்ச் எண்ணும் வெகுதூரம் விலகி நின்றன. இடைப்பட்ட காலத்தில் கெர்னலுக்கு வந்த பாதுகாப்பு அறிவிப்புகள் எதுவும் அந்த இயந்திரத்தைச் சென்றடையவில்லை. பேட்ச் கெர்னலைத் தொடாத மாதங்களில் ஜெனரிக்கிலும் இரண்டு எண்களும் சற்று வேறுபடும், அது இயல்பு. சொந்தக் கெர்னல் உள்ள இயந்திரத்தில் வேறுபாடு கண்டால் அப்படி விட்டுவிடக் கூடாது. வந்த அறிவிப்புகளில் எது கெர்னலுக்கானது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அந்த மெயில் சர்வர் இப்போது ஜெனரிக்கில் ஓடுகிறது. ஆல்ட்க்யூ தேவைப்படும் ஒரு ஃபயர்வாலில் மட்டும் சொந்தக் கெர்னல் வைத்திருக்கிறேன். அதன் கான்ஃபிக்கில் நோடிவைஸ் வரி ஒன்றுகூட இல்லை. சேர்த்த ஒவ்வொரு வரிக்கு மேலும் ஏன் சேர்த்தேன், எந்தப் பதிப்பில் சேர்த்தேன் என்று ஹேஷ் போட்டு எழுதியிருக்கிறேன். அப்கிரேட் நாளில் பழைய ஜெனரிக்கையும் புதிய ஜெனரிக்கையும் டிஃப் போட்டு, அப்டேட்டிங் கோப்பில் கடைசியாக நான் படித்த தேதியிலிருந்து மேலே வரை படித்து, ஐபிஎம்ஐ என்ற தொலைநிலைக் கன்சோலில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகே ரீபூட் கொடுக்கிறேன்.